ஒட்டுக்குக் கீழே என்ன செடி?

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய உச்சிப்புளிப் பக்கம் தென்னைக்கு ஊடே சாத்துக்குடி வைத்துப் பார்த்தவன் நான். பட்டம் ஏதும் இல்லை; பட்ட அனுபவம்தான்.

நாற்றுப் பண்ணைக்குப் போனால் "சாத்துக்குடிதானே?" என்று கேட்போம். ஆமாம் என்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் பத்துக் கன்று வாங்கினேன். மறு வருடம் வேலி தாண்டி வந்த ஆடு ஒரு கன்றைக் கடித்துவிட்டது. மேல்பாகம் பட்டுப்போனது. அடியில் துளிர் கிளம்பியதும், பிழைத்துக்கொண்டது என்று மகிழ்ந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தபோது பார்த்தால் கரடுமுரடான தடித்த தோல், உள்ளே வாய் கூசும் புளிப்பு. ஜம்பேரி என்ற எலுமிச்சை வகை! பண்ணையில் ஜம்பேரித் தண்டில் சாத்துக்குடி மொட்டை வைத்துக் கட்டி ஒட்டியிருக்கிறார்கள்; அந்த ஒட்டுக்குக் கீழே இருந்தது அதுதான். சாத்துக்குடி எப்போதோ போய்விட்டிருந்தது.

மேலே ஒரு செடி, வேர் இன்னொரு செடி. அந்த வேர்ச்செடிக்கு ஏற்றபடிதான் மரமும் பழமும். ஜம்பேரி வேர் தண்ணீரை வாரி இழுக்கும். மரம் மளமளவென்று எழும்பும், காய் பெருக்கும், தோலும் தடிக்கும். ஆனால் சாறு நீர்த்துவிடும். இனிப்பும் குறையும், புளிப்பும் குறையும். மூவிலை ஆரஞ்சு வேர் நேர் எதிர்: மரம் குட்டை, பழம் அருமை. கேட்டதும் ஆசை வரும். நம் கடற்கரைக்கு அது ஆகாது. உப்பில் உள்ள குளோரைடைத் தடுக்காமல் இலைக்கு ஏற்றிவிடும். சிப்பித்தூள் கலந்த சுண்ணாம்பு மணலில் இலை வெளுக்கும்.

நம் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஏடுபோல மிதக்கிறது. கோடையில் மோட்டாரை விடாமல் ஓட்டினால், மாசியில் இனித்த கிணறு வைகாசியில் கரிக்கும். சாத்துக்குடி, எலுமிச்சை வகைகளுக்கு உப்பு சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. இலை நுனி முதலில் மஞ்சளாகும், பிறகு தணலில் சுட்ட அப்பளம்போலக் கருகும். குளோரைடை வேரிலேயே மறிப்பதில் கெட்டி இரண்டு: ரங்க்பூர் எலுமிச்சை, கிளியோபாட்ரா மாண்டரின். இரண்டாவதில் காய்ப்புக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும், பழமும் சிறுத்திருக்கும். என் ஓட்டு ரங்க்பூருக்கு. பெயர்தான் எலுமிச்சை, பழமோ ஆரஞ்சு நிறம். 1930-களிலும் 40-களிலும் பிரேசிலில் கசப்பு ஆரஞ்சு வேரில் நின்ற மரங்கள் டிரிஸ்டீசா என்ற நச்சுயிரி நோயால் லட்சக்கணக்கில் பட்டுப்போன பிறகு, அங்கே தோட்டங்களை மறுபடி எழுப்பிய வேர் இதுதான். ஆனாலும் மூவிலை ஆரஞ்சு தரும் சுவையை இதில் எதிர்பார்க்காதீர்கள். கிணறே கரித்தால் எந்த வேரும் கைகொடுக்காது. பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு தென்னையோடு நின்றுவிடுங்கள்.

இன்னொன்று. ஒட்டு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். ஒட்டு புதைந்தால் சாத்துக்குடித் தண்டே வேர்விட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய வேருக்கு வேலை இல்லாமல் போகும். அடித்தண்டு அழுகலும் வரும். நம் ஊரில் மணலை அடித்து ஒட்டைப் புதைக்கும் வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் மண்வெட்டியோடு போய், மரத்தடி ஒவ்வொன்றிலும் மணலைத் தள்ளி ஒட்டைத் தேடுகிறேன்.

அந்த ஜம்பேரியை மட்டும் வெட்டவில்லை. ஊறுகாய்க்கு வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள்.