புனிதம் பொருளில் இல்லை, நாம் ஏற்கும் கட்டுப்பாட்டில் இருக்கிறது

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சொல்வல்லார்களே, அவை நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘ஒன்றைப் புனிதமாக்குவது அதனுள் உறையும் தெய்வத்தன்மையா, அதற்காக மக்கள் ஏற்கும் கட்டுப்பாடா?’ என்பது இன்றைய தலைப்பு. மக்கள் ஏற்கும் கட்டுப்பாடே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “பொன்னுக்கு யாரும் மஞ்சள் பூசவில்லை, புனிதமும் அப்படிப் பொருளோடு பிறந்தது, மனிதர் அதைக் கண்டுகொள்ளலாமே தவிர உண்டாக்க முடியாது” என்றார். கேட்பதற்கு இனிய வாதம்தான். ஆனால் இந்த மண்ணில் மக்கள் கையெடுத்துக் கும்பிட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

முதலில் நடுகல்லை எடுத்துக்கொள்கிறேன். போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு துறைகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண வேண்டும், நாள் பார்த்துப் பணியைத் தொடங்க வேண்டும், நீராட்ட வேண்டும், நட வேண்டும், படையல் இட வேண்டும், வாழ்த்த வேண்டும். நடுவர் அவர்களே, அந்த ஆறிலும் கல் தானாகச் செய்வது ஒன்றுமில்லை. மலைச்சரிவில் ஆயிரம் பாறைகளுக்கு நடுவே கிடந்த ஒரு பாறைதான் அது. ஊரைக் காக்க உயிரைக் கொடுத்தவனை மறக்க மாட்டோம் என்று ஊர் தனக்கு விதித்துக்கொண்ட கடன்தான் அதை மற்றப் பாறைகளிலிருந்து பிரித்தது. மயிற்பீலி சூட்டியதும், கள்ளை வார்த்ததும், ஆண்டுதோறும் படைத்ததும் அந்தக் கடனின் வடிவங்கள். “நெல் தூவி வழிபட எங்களுக்கு இந்தக் கல்லைத் தவிர வேறு கடவுள் இல்லை” என்னும் பொருள்பட மாங்குடி கிழார் புறநானூற்றில் பாடியபோது, அந்தக் கல்லின் இயல்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிரே நின்று பகைவரைத் தடுத்து வீழ்ந்தவனைப் பற்றித்தான் சொன்னார்.

அந்தக் கடனை ஊர் மறந்த இடங்களில் என்ன நடந்தது என்பதையும் எதிரணி நண்பர்கள் பார்க்க வேண்டும். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் பழைய நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பூசை பெறுகின்றன. பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அருகே போகிறார்கள். அதே காலத்தில், அதே வகைப் பாறையில், அதே வட்டெழுத்து பொறித்து நட்ட வேறு கற்கள் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்காலைக் கடக்கும் பலகைக்கல்லாகவும் கிடந்து, தொல்லியல் ஆர்வலர்கள் புரட்டிப் பார்த்தபோதுதான் யாரென்று தெரிந்திருக்கிறது. புனிதம் கல்லுக்குள் இருந்திருந்தால், இரண்டு கற்களிலும் இருந்திருக்க வேண்டுமல்லவா?

அடுத்ததாகப் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து நேர்ந்துவிடும் புரவி எடுப்பைச் சொல்கிறேன். அய்யனாருக்குக் குதிரை செய்ய முடிவானதும் ஊரார் மண்பாண்டம் வனையும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி மண்தான். ஆனால் அது கை மாறிய நேரத்திலிருந்து ஊர் கட்டுக்குள் வந்துவிடுகிறது. காப்புக் கட்டியவர் புலால் உண்ண மாட்டார், ஊர் எல்லை தாண்டி இரவு தங்க மாட்டார். வேளார் கண்மாய் மண்ணை மிதித்துப் பதப்படுத்தி, முதலில் கால்களை நிறுத்தி, அதன்மேல் உடலை வளைத்து, கழுத்தை ஏற்றி, காயவைத்துச் சூளையில் சுட்டு எடுக்கிறார். செய்யும்போது அந்தக் குதிரையைத் தட்டிப் பார்க்கிறார், விரிசலைப் பூசுகிறார். யாரும் அதைத் தொழுவதில்லை. திருவிழா நாளில் கண் திறந்த பிறகு அதே குதிரையின் முன் அதே வேளார் கைகூப்பி நிற்கிறார். மண் மாறவில்லை, சூடு மாறவில்லை. ஊர் அந்தக் குதிரையோடு ஓர் உறவை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. நான் மிகவும் மதிப்பது அதற்குப் பின் நடப்பதைத்தான்: நேர்ந்துவிட்ட குதிரையை யாரும் விற்பதில்லை, வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, பழசாகிவிட்டது என்று உடைப்பதுமில்லை. மழையும் வெயிலும் கரைக்கும்வரை அது அங்கேயே நிற்கும். தன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் ஒன்றைத் தனக்கென்று கொள்ளாமல் விடுவதில்தான் அதன் புனிதம் வெளிப்படுகிறது.

கோயில்காடுகளிலும் இதைக் காணலாம். புதுச்சேரியை ஒட்டிய புத்துப்பட்டு அய்யனார் கோயில்காட்டில் வீரை, காயா, பாலை போன்ற மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றில் எதுவும் அந்தக் காட்டுக்கு மட்டுமே உரிய தெய்வ மரம் இல்லை. ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகப் பரவியிருந்த காடுதான் அது. மற்ற இடங்களில் அதே மரங்கள் விறகாகவும் வேலியாகவும் போயின. இங்கே, விழுந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுக்கக்கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு மரத்தைக் காத்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஏறத்தாழ 5 எக்டேர் பரப்புள்ள வீர கோயில் காட்டை அரசு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகள் முன்பே அந்த ஊர் தன் அரிவாளைத் தானே தடுத்திருந்தது. ‘சாமி அங்கே இருக்கிறது, அதனால்தான் காடு நின்றது’ என்று எதிரணி சொல்லக்கூடும். சாமி இருந்தும் காடு போன ஊர்கள் ஒன்றிரண்டு அல்லவே! கான்கிரீட் மண்டபமும் வாகனம் நிறுத்தும் இடமும் கட்டுவதற்காக ஊரே கூடி மரத்தை வெட்டிய கோயில்களில் தெய்வம் அப்படியே இருக்கிறது, பூசை முன்னைவிடப் பெருகியும் இருக்கிறது. கட்டுப்பாடு போனது, காட்டின் புனிதமும் அதோடு போனது.

தெய்வத்தின் பெயரே சொல்லாமலும் இது நிகழும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசுக்கு ஏங்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள ஊர்தான் அதுவும். அந்தப் பிள்ளைகளின் விட்டுக்கொடுத்தலுக்கு முன்னால் எந்தத் தலபுராணமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் பத்தூர் நடராசரை எடுத்துக்காட்டினார். தஞ்சைப் பகுதியில் மண்ணுக்கடியில் கிடந்த அந்தச் செப்புத்திருமேனி 1976இல் வெளிப்பட்டு, கைமாறி லண்டனுக்குப் போய், நீண்ட வழக்குக்குப் பின் 1991இல் தாயகம் திரும்பியது. “பூசையின்றிப் புதைந்து கிடந்தபோதும் அதன் புனிதம் குறையவில்லையே” என்று அவர் கேட்டார். வலுவான கேள்வி, ஆகவே நேராகவே விடை சொல்கிறேன். ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மண்ணுக்குள் மறைத்து வைப்பது நம் கோயில்களின் பழைய வழக்கம். மறைத்தவர்கள் உயிருக்கு அஞ்சி ஓடும் நேரத்திலும் அந்தக் கடமையைச் செய்துவிட்டு ஓடினார்கள். பின்னர் திருமேனியை வாங்கியவர்கள் கையில் அதே செம்பு, அதே வடிவம், அதே கலையழகு எல்லாம் இருந்தன. அங்கே அது விலை பேசப்பட்ட சரக்கு. இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலின் சார்பில் அதன் பொறுப்பாளரான தக்கார் வழக்காட, அந்தக் கோயிலுக்கு உரிமை உண்டு என்று ஆங்கிலேய நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது மீண்டும் நம் சிவனாக வந்தது. இடையில் அதைச் சரக்காக்கியதும் மனிதர்கள், மீண்டும் தெய்வமாக்கியதும் மனிதர்கள். பத்தூர் எங்கள் அணிக்கே சாட்சி சொல்கிறது.

நடுவர் அவர்களே, புனிதம் பொருளில் உறைகிறது என்ற கொள்கையை நான் தவறு என்று மட்டும் சொல்லவில்லை. அது பலரை வதைத்த கொள்கை என்றும் சொல்கிறேன். பொருளில் இருப்பது என்றால் அது கெட்டுப்போகவும் கூடும், தீட்டுப்படவும் கூடும். அப்போது யாரை அண்டவிடக் கூடாது என்ற கேள்வி உடனே எழுகிறது. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்கூட ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்று தடுத்தவர்கள் சொன்ன காரணம் இதுதான். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாதய்யர், அதுவரை உள்ளே விடப்படாதிருந்த கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றபோது, கோயிலின் தூய்மை கெட்டது என்று குமுறியவர்களும் இதே கொள்கையினர்தான். கெட்டதா? இன்று சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் அசையும்போது நிரம்பி நிற்கும் மக்களைப் பார்த்துவிட்டு எதிரணி நண்பர்கள் விடை சொல்லட்டும். அடுத்தவன் மேல் சுமத்திய தடை ஒருநாளும் புனிதம் ஆகாது. அது வெறும் அதிகாரம். நான் இதுவரை காட்டிய நடுகல்லிலும் புரவியிலும் காட்டிலும் பறவைக் கண்மாயிலும் ஊர் தடுத்தது தன் கையைத்தான், தன் வாயைத்தான், தன் ஆசையைத்தான்.

எனவே எதிரணியின் நிறைவுப் பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதற்காக ஒருவரும் எதையும் விட்டுக்கொடுக்காமல், ஒருவரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளாமல், தானாகவே புனிதமாக நிலைத்திருக்கும் ஒரு பொருளை, எந்த ஊரிலிருந்தாவது, எந்தச் சமயத்திலிருந்தாவது எடுத்து இந்த அவையின் முன் அவர் வைக்கட்டும். வணக்கம்.