ஏற்றமில்லாத கடதாசியைச் சீப்பு ஏன் இழுக்குது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, சுன்னாகத்திலயிருந்து பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டு கேட்டிருக்குது. "சேர், தலை இழுத்த சீப்பில மறை (−) மின்னேற்றம் இருக்குது, சரி. கடதாசித் துண்டில ஒரு ஏற்றமும் இல்லையே, பிறகேன் இழுபடுது? நான் வீட்டில செய்து பாத்தன், அது இழுக்கவும் இல்லை."

முதல் வீட்டுக் கதையை முடிப்பம். தலைக்கு எண்ணெய் வைச்சிருந்தனீங்களோ? எண்ணெய்த் தலையில எவ்வளவு தேய்ச்சாலும் சரிவராது. மாரியெண்டா இன்னும் கரைச்சல். காத்தில ஈரம் கூட, சீப்பில மெல்லிசாத் தண்ணி படிஞ்சு, ஏற்றம் அதால கசிஞ்சு போயிடும். நானும் ஒரு மழை நாள் வகுப்பில எபனைற்றுக் கோலை (கடின றப்பர்க் கோல்) தேய் தேயெண்டு தேய்ச்சு, பிள்ளையள் சிரிச்சதுதான் மிச்சம்.

சரி, கேள்விக்கு வருவம். நடுநிலை எண்டா உள்ளுக்க ஏற்றமே இல்லையெண்டு நினைக்காதேங்கோ. நேர் (+) ஏற்றமும் மறை ஏற்றமும் சமனா இருக்குது, அவ்வளவுதான். சீப்பு கிட்ட வரேக்க கடதாசியின்ர இலத்திரன்கள், அதாவது மறை ஏற்றமுள்ள சின்னத் துணிக்கையள், கொஞ்சம் அங்கால தள்ளுப்படும். ஓடிப்போகாது, கடதாசி காவலிதானே, மின்னை ஓடவிடாது. இருந்த இடத்திலயே துளி விலகும். இப்ப சீப்புப் பக்கம் நேர், மற்றப் பக்கம் மறை. ஒண்டை இழுக்கும், மற்றதைத் தள்ளும். "அப்ப ரெண்டும் வெட்டுப்படாதோ சேர்?" எண்டு கேப்பீங்கள். வெட்டுப்படாது. கூலோமின்ர விதியை நினையுங்கோ: தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலிலொண்டு. நேர்ப் பக்கம் சீப்புக்குக் கிட்ட இருக்குது, அதால இழுவைதான் வெல்லும்.

இன்னொண்டு வடிவாப் பாருங்கோ. ஒட்டின துண்டு சிலது கொஞ்சத்தால துள்ளி விழும். சொக்கிலேற் சுத்திவாற வெள்ளித்தாளெண்டா தொட்ட உடனயே பாயும். ஏனெண்டா அது கடத்தி, மின்னை ஓடவிடும், தொட்டவுடன சீப்பின்ர இலத்திரன் அதுக்கும் போயிடும். ரெண்டும் மறை, பிறகென்ன, தள்ளுகைதான். ஒரு நனோகூலோம் (ஏற்றத்தின்ர அலகான கூலோமில நூறு கோடியில ஒரு பங்கு) ஏற்றம் எண்டாலே ஏறக்குறைய 625 கோடி இலத்திரன், கணக்குப் போட்டுப் பாருங்கோ.

உதாலதான் சோதினையில, "ஒரு பொருள் கவரப்பட்டது, ஆகவே அது ஏற்றம் பெற்றது" எண்டு எழுதினா பிழை. கவர்ச்சி நடுநிலைப் பொருளுக்கும் வரும். தள்ளுப்பட்டாத்தான் ரெண்டிலயும் ஒரே வகை ஏற்றம் இருக்குதெண்டு அடிச்சுச் சொல்லலாம்.

தலை முழுகி, நல்லாக் காயவிட்டு, வெள்ளித்தாளோட செய்து பாருங்கோ பிள்ளை. அடுத்த கேள்வி இடி மின்னலைப் பற்றி...