பையன் கத்தி எடுத்தா பெத்தவங்களுக்கு ஜெயிலா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, வில்லியனூர்லேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. பெரிய கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "சார், 14 வயசுப் பையன் ஒருத்தனைக் கத்தியால குத்துறான்னா பெத்தவங்களை ஏன் உள்ள வைக்க மாட்டேங்கறாங்க? அமெரிக்காவுல வெச்சாங்களே? எங்க தெருவுல ஒரு பையன் பட்டாக்கத்தியோட ரீல்ஸ் போடறான். அவங்க வீட்ல யாரும் கேக்கறதில்ல. நான் போய்ச் சொன்னா அவன் வாழ்க்கை வீணாப் போயிடுமா?"

சரிங்கம்மா. அமெரிக்காவுலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதைப் பாதிதான் கேள்விப்பட்டிருப்பீங்க. 2021 நவம்பர்ல மிச்சிகன் மாநிலத்துல 15 வயசுப் பையன் ஒருத்தன் பள்ளிக்கூடத்துல சுட்டு 4 மாணவர்கள் செத்துட்டாங்க. 2024ல அவன் அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் 10லேர்ந்து 15 வருஷம் தண்டனை. பெத்துட்டாங்கங்கறதுக்காக இல்ல. அந்தத் துப்பாக்கியை நாலு நாள் முன்னாடி வாங்கினதே அப்பா. சம்பவம் நடந்த அன்னிக்குக் காலையில, பையன் வரைஞ்சிருந்த படத்தைப் பார்த்துப் பயந்துபோய் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுக் காட்டினாங்க. இவங்க வீட்டுக்கு அழைச்சிட்டுப் போகாம அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க. அதாவது அவங்க செஞ்சதுக்கும், செய்யாம விட்டதுக்கும்தான் தண்டனை.

நம்ம சட்டத்துல, மகன் செஞ்ச குற்றத்துக்கு அப்பா குற்றவாளின்னு நேரா எழுதி வெச்சிருக்கிறது எனக்குத் தெரிஞ்சு வண்டி விஷயத்துலதான். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, 2019 திருத்தத்துல வந்தது. 18 வயசு ஆகாத பையன் பைக் ஓட்டிக் குற்றம் பண்ணினா, காப்பாளருக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னா, அதை அவர்தான் நிரூபிக்கணும். ஈசிஆர்ல சாயங்காலம் நின்னு பாருங்க, எத்தனை அப்பாக்கள் சாவியைச் சிரிச்சுக்கிட்டே குடுக்கறாங்கன்னு தெரியும்.

கத்திக்கு அப்படி இல்ல. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 14 வயசுப் பையனை லாக்கப்புல வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள, சிறார் வழக்குகளை விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமத்துல ஆஜர்படுத்தணும். கொலையே ஆனாலும், 16 வயசுக்குக் கீழன்னா சிறப்பு இல்லத்துல அதிகபட்சம் 3 வருஷம். பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமாங்கற பேச்சே 16லேர்ந்து 18 வயசுக்காரங்களுக்கும், கொடுங்குற்றத்துக்கும்தான்.

அப்போ பெத்தவங்க எங்க வராங்க? இதைத்தான் யாரும் கவனிக்கறதில்ல. நன்னடத்தை அலுவலர் ரெண்டு வாரத்துக்குள்ள சமூக விசாரணை அறிக்கை குடுக்கணும். வீட்ல யார் யார் இருக்காங்க, அப்பா குடிக்கிறாரா, பையன் ஸ்கூலை எப்ப விட்டான், யாரோட சுத்தறான், எல்லாம் அதுல வரும். குழுமம் அப்பா அம்மாவை வரவழைக்கலாம், அவங்களையே அபராதம் கட்டச் சொல்லலாம், பையன் நடத்தைக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிட்டு 3 வருஷம் வரைக்கும் அவங்க பொறுப்புல விடலாம். ஜாமீனும் அப்படித்தான். வெளிய விட்டா மறுபடி அதே ரவுடிங்க கையில போய்ச் சேருவான்னு தெரிஞ்சா, விட மாட்டாங்க. ஆக, நம்ம சட்டம் "நேத்து ஏன் விட்ட?"ன்னு கேக்கறதைவிட "நாளைலேர்ந்து உன்னால புடிச்சு வெக்க முடியுமா?"ன்னுதான் அதிகம் கேக்குது. எனக்கு அது சரின்னு படுது. விடிகாலை மூணு மணிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பற தாயை உள்ள வெச்சா, அந்த வீட்ல இருக்கற மத்த ரெண்டு புள்ளைங்களை யார் பாக்கறது?

ஆனா அந்த விசாரணையில பாதிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான். "எம்புள்ள தங்கம் சார், சேர்க்கைதான் சரியில்ல." குத்து வாங்கின பையன் ஜிப்மர்ல கெடப்பான், அவனுக்கும் ஒரு அம்மா இருக்காங்க, இங்க இவங்க ரத்தம் பட்ட சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டுட்டு, பையனைச் சித்தி வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டுடுவாங்க. அது தனிக் குற்றம். தடயத்தை அழிச்சா பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 238ஆம் பிரிவு. குற்றவாளியை ஒளிச்சு வெச்சா 249. ஒளிச்சு வெக்கிறதுல புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் விலக்கு, அப்பா அம்மாவுக்குக் கிடையாது. பாசத்துல செஞ்சேன்னா கேஸ் வராதுன்னு நெனைக்காதீங்க.

எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. 14 வயசுப் பையனுக்கு பட்டாக்கத்தி எங்கேர்ந்து வருது? பொறந்தநாளுக்குக் கத்தியால கேக் வெட்டச் சொல்லி வீடியோ எடுக்கற அண்ணன் யாரு? "உனக்கு வயசு கம்மி, சீக்கிரம் வந்துடலாம்"னு சொல்லிக் குடுத்து முன்னாடி தள்ளறவன் அவன்தான். அவனுக்குத்தான் பிஎன்எஸ் 95. சிறாரை வெச்சுக் குற்றம் செய்ய வெச்சா 3லேர்ந்து 10 வருஷம், குற்றம் நடந்துட்டா அதைத் தானே செஞ்ச மாதிரி தண்டனை. குடி வாங்கிக் குடுக்கறவனுக்கும் இளைஞர் நீதிச் சட்டத்துல தனியாத் தண்டனை இருக்கு. குடிக்கிற வயசு தமிழ்நாட்டுல 21, புதுச்சேரியில 18. எல்லையில இருக்கற முள்ளோடையைத் தாண்டிட்டா எல்லாம் சரின்னு ஒரு நெனப்பு. சிறுவன் கையில பாட்டில் குடுத்தா எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் 7 வருஷம் வரைக்கும் தண்டனை, லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம். இந்தப் பிரிவுகளைப் போடுங்கன்னு கேட்டு வர்ற பெத்தவங்க ரொம்பக் கம்மி. அந்த அண்ணனுக்கு எல்லாரும் பயப்படறாங்க.

இப்ப உங்க தெருப் பையன். மொதல்ல, அந்த ரீல்ஸை "பாருங்க இவனை"ன்னு குரூப்புல போடாதீங்க. நாளைக்கு அவன் மேல வழக்கு வந்துடுச்சுன்னா, பேரு, போட்டோ வெளிய விட்டதுக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. அவன் அம்மாகிட்ட நேராப் பேச முடிஞ்சா பேசுங்க, அதுவும் நாலு பேர் முன்னாடி வேணாம். சண்டைக்கு வருவாங்கன்னு தோணிச்சுன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், அவரைக் கேட்டுப் போங்க. கூப்பிட்டுப் பேசி, கவுன்சிலிங்குக்கு அனுப்பற கட்டத்துலயே முடிய வாய்ப்பிருக்கு. வழக்கே ஆனாலும், 16 வயசுக்குள்ள செஞ்ச குற்றம் பின்னாடி வேலைக்கோ படிப்புக்கோ தடையா இருக்கக் கூடாதுன்னு இளைஞர் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவு சொல்லுது. அதனால நீங்க சொல்றதால அவன் வாழ்க்கை போகாதும்மா. சொல்றதுன்னா இந்த வாரமே சொல்லிடுங்க.

அடுத்து பாகூர்லேர்ந்து ஒருத்தர், கூட்டுப் பட்டா பத்திக் கேட்டிருக்கார்...