உப்பளத்து ஆர்ட்டீமியாவும் அதன் உடற்கொழுப்பும்

(தூத்துக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் உப்பு உற்பத்தியாளர் சங்கப் பெரியோர்களே, பொரிப்பக நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும், இறாலைப் போன்ற சிற்றுயிர்; பொரிப்பகங்களில் மீன் குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனியாவது அதுவே. தின்னும் தீனி, உடலுக்குள் நிகழும் மாற்றம் ஆகிய இரண்டும் அதன் கொழுப்பை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதே நான் பேச வந்த பொருள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். டையாட்டம் பாசியைத் தின்ற ஆர்ட்டீமியாவின் உடலில் மீன் குஞ்சுக்கு வேண்டிய ஈ.பி.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் சேரும். வெறும் ஈஸ்ட்டைத் தின்றால் சேராது.

கடற்கரையோரப் பொரிப்பகம் ஒன்றில் கொடுவாக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முதலாளி தண்ணீரைச் சோதித்தார், காற்றுக் குழாயை மாற்றினார், அதுவும் போதாதென்று வாஸ்து பார்ப்பவரை வரவழைத்து, அவர் சொன்னபடி கொட்டகையின் வாசலைக் கிழக்கே திருப்பி வைத்தார். குஞ்சுகளோ திசை பார்க்காமல் செத்தன. இரவுக் காவலுக்கு இருந்த அண்ணாச்சிதான், "நேத்து ஆரஞ்சுக் கலர்ல இருந்த ஆர்ட்டீமியா இன்னைக்கு வெளுத்துக் கிடக்கே, அதுக்கு யாராவது தீனி போட்டியளா?" என்று கேட்டார். முட்டையிலிருந்து பொரிந்ததும் ஆர்ட்டீமியாவின் லார்வாவால், அதாவது இளம் உயிரால், தின்ன முடியாது. முதல் தோலுரிப்பு வரை கருவுணவையே எரித்து வாழும். அதன் பிறகும் பட்டினி போட்டால் இருந்த கொழுப்பும் கரைந்துவிடும். மீன் எண்ணெய்ப் பால்மம் ஊட்டிக் கொடுத்த பிறகே சாவு குறைந்தது. சட்டியே காலி என்றால் அகப்பை என்ன செய்யும்?

மீன் குஞ்சுக்கு வேண்டிய இன்னொரு கொழுப்பு அமிலம் டி.எச்.ஏ. ஊட்டிய அதுவும் அப்படியே தங்காது; ஆர்ட்டீமியா அதை ஈ.பி.ஏ.வாக மாற்றிவிடும் என்பதால், ஊட்டியவுடன் குஞ்சுகளுக்குத் தந்துவிட வேண்டும்.

இனி, நான் மேடைதோறும் சொல்வது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து டின்னில் வரும் ஆர்ட்டீமியா முட்டைகளை நம் பொரிப்பகங்கள் வாங்குகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் வதனாபே குழுவினர் 1978இல் ஆர்ட்டீமியாவை, லினோலெனிக் அமிலம் மிகுந்தது, ஈ.பி.ஏ. மிகுந்தது என இரண்டாக வகைப்படுத்தினர். அந்த ஏரிச் சரக்கு பெரும்பாலும் முதல் வகை, கடல் மீன் குஞ்சுக்கு அது தனியே போதாது. ஆண் துணையின்றிப் பெருகும் ஆர்ட்டீமியா இந்தத் தூத்துக்குடி உப்பளங்களிலேயே இருக்கிறது. உப்பு விளையும் பாத்திகளுக்கு முந்தைய பாத்திகளில் பாசியைப் பெருக்கி அதை வளர்த்தால், சட்டியில் என்ன போடுவது என்பது நம் கையில் இருக்கும். இதற்கென மாதிரிப் பாத்திகள் ஒதுக்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் உள்ளது. உதவி இயக்குநர் அவர்கள் புறப்படுமுன் சங்கப் பெரியோர்கள் அதில் கையொப்பமிட்டு அவரிடமே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.