ஆர்டர் கொடுப்பவரும் கையெழுத்துப் போடட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் சிலர் நாளை ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசராகவோ, வெளிநாட்டு பிராண்டுகளுக்காக ஆடை வாங்கும் பையிங் ஆபீசிலோ வேலைக்குச் சேரப் போகிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்: ஆலையில் ஆடிட் நடத்திச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வராது, ஆர்டர் கொடுக்கும் பிராண்டும் ஒப்பந்தத்தில் கட்டுப்பட வேண்டும்.

டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் ராணா பிளாசா என்று ஓர் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்தவர்களை மட்டும் மறுநாள் காலையில் உள்ளே வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டி. காலை ஒன்பது மணி வாக்கில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆடிட், அதாவது ஆலையின் பாதுகாப்பையும் வேலை நிலைமையையும் வெளியாட்கள் வந்து சோதிப்பது, நடக்காத இடம் இல்லை அது. அங்கிருந்த சில தொழிற்சாலைகளில் ஆடிட் முடிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் மாண்டார்களே, அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வேலை நிலைமை சரியாக இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. ஆடிட் எப்படி நடக்கிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வரும் தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆடிட்டரிடம் காட்டாமல் மறைக்க, ஓவர்டைம் கணக்குக்குத் தனி நோட்டு இருக்கும். பல இடங்களில் ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுப்பதே அந்த ஆலைதான்.

பிறகு எது வேலை செய்தது? கட்டடம் இடிந்த அடுத்த மாதமே வந்த பங்களாதேஷ் அக்கார்டு. பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. சுதந்திரமான பொறியாளர்கள் சோதித்தார்கள், அறிக்கைகள் வெளியாயின. பழுது பார்க்க மறுத்த ஆலைக்கு ஆர்டர் நின்றது. பழுது பார்க்க ஆலைகளுக்குப் பணம் கிடைக்க வழி செய்யாத பிராண்டுகள் மீது தொழிற்சங்கங்கள் நடுவர் மன்றத்துக்குப் போயின. 2018இல் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தரச் சம்மதித்தது. சான்றிதழை நம்பியிருந்த தொழிலாளிக்கு இப்படி ஒரு வழி இருந்ததே இல்லை.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களிடையே இருந்தே ஆட்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. ஆடை பிராண்டான எச் அண்ட் எம் நிறுவனமும் தனியாக அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டது.

இவ்வளவும் செய்துவிட்டு, பிராண்டுகள் விலையை மட்டும் சீசனுக்குச் சீசன் குறைக்கச் சொன்னால் எப்படி? டெலிவரி தேதியை மாற்றாமல் டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றினால், அந்த இரவு வேலை தையல் லைனில் இருக்கும் பெண்ணின் தலையில்தான் விழும். ஓர் ஆடைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் காஸ்டிங் ஷீட்டில் கூலியைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். அந்த வரியில் பேரம் பேச மாட்டோம் என்று ஆர்டர் கொடுக்கும் பையர் ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும்.