மட்டக்களப்புப் பேச்சு: நம் கையிலுள்ள முதல்

(கல்லடியில் சிறுதொழில் செய்வோரும் இளைஞர்களும் கூடியிருந்த அரங்கில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன பெரும்போக அறுவடை முடிந்த கையோடு என் பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. காணி சம்பந்தமானது. முழுக்கச் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. ஆனாலும் இப்படிப்பட்ட கடிதங்கள் எங்கள் படலைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. முன்பென்றால் பெரியம்மா அதை மடித்து எடுத்துக்கொண்டு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைவார். தன் வீட்டுச் சங்கதியை இன்னொருவர் வாயால் கேட்பதில் அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம். இந்த முறை பேத்தி போனில் படம் பிடித்தாள். போன் தமிழில் வாசித்தது. நடுவில் அது நிற்க, பெரியம்மா "மறுகா?" என்றார். மறுகா என்றால் பிறகு. இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். போனுக்குத் தெரியவில்லை. "மறுபடியும்" என்று எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கிவிட்டது.

அதையாவது பொறுக்கலாம். "நில உரிமப் பத்திரம்" கொண்டு வரச் சொல்லியிருப்பதாக அது வாசித்ததே, அதுதான் பெரிய சிக்கல். அப்படியொரு சொல் எங்கள் ஊரில் புழங்குவதில்லை. எங்களிடம் உறுதி இருக்கிறது, பேமிட் இருக்கிறது. உறுதி சொந்தக் காணிக்கு. பேமிட், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுப்பது. ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொண்டு போனால் பஸ் காசும் ஒரு நாளும் வீண். பெரியம்மா என்னிடம் கேட்டார்: "மனே, உறுதியையா கேக்கிறாங்க, பேமிட்டையா?" கடிதத்தில் கேட்டிருந்தது பேமிட்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் ஒரு சேவையை நாங்கள் ஏன் செய்யக்கூடாது?

செயற்கை நுண்ணறிவு என்றதும் அது கொழும்புக்காரரின் வேலை, அமெரிக்காக்காரரின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். அடிப்படை இயந்திரத்தை அவர்கள் செய்தாயிற்று, உண்மைதான். 2022 செப்டம்பரில் ஓப்பன் ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதற்குப் பயிற்சி கொடுத்த ஒலி 680,000 மணிநேரம். அதில் 438,000 மணிநேரம் ஆங்கிலம். தமிழும் அதில் உண்டு. ஆனால் வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைத் தமிழை அதன் காதில் போட ஆள் இருந்ததா? தமிழின் பேச்சு வழக்குகளில் ஏட்டுத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்பு வழக்கு என்று எழுதியவர் கமில் சுவெலபில். செக் நாட்டு அறிஞருக்குக் கேட்டது இயந்திரத்துக்குக் கேட்கவில்லை.

வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நிற்கும் விவசாயி "அறக்கொட்டி விழுந்திட்டு" என்று சொல்கிறார். அது கபில நிறத் தத்தி என்ற நெற்பூச்சி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைச் சொல்ல முடியும். களவெட்டி, முல்லைக்காரன், போடியார், பொலி: இவற்றை வெளியூர்ப் பொறியியலாளர் எந்த அகராதியைப் புரட்டிச் சரிபார்ப்பார்? காத்தான்குடிப் பேச்சு ஒரு விதம், கல்முனைப் பேச்சு இன்னொரு விதம். இந்தக் காதுகள் எங்களிடம்தான் இருக்கின்றன. ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, அந்த மென்பொருளை எங்கள் வழக்குக்குப் பழக்கலாம். கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் விவசாய மருந்துக் கடையும் அதற்குக் காசு கொடுக்கும் என்றே நம்புகிறேன்.

கணக்கை மட்டும் சரியாகப் போடுங்கள். "மட்டக்களப்பு" என்ற எட்டெழுத்துச் சொல் கணினிக்குள் 36 பைட்டு இடம் பிடிக்கிறது; பைட்டு என்பது கணினியில் இடத்தை அளக்கும் அலகு. அதே ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் 10 பைட்டு. மொழி இயந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக்கித் துண்டுக்கு இவ்வளவு என்று விலை வாங்குகின்றன. தமிழ் பெரும்பாலும் கூடுதல் துண்டாகிறது. வாடிக்கையாளரிடம் விலை பேசும் முன் இதைப் பாருங்கள்.

மருதமுனை நெசவாளருக்கும் ஒரு வார்த்தை. சாரத்தின் படத்தைக் காட்டி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விளம்பரம் எழுதுவிப்பது நல்லது, செய்யுங்கள். ஆனால் இயந்திரம் வரைந்து தரும் வடிவத்தைத் தறியில் ஏற்றிப் பார்க்காமல் ஓடர் எடுக்காதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். இறந்தவரின் சிறு ஒலிப்பதிவை வைத்து அவர் குரலில் புதிதாகப் பேசவைக்க இப்போது முடிகிறது. 2004 டிசம்பர் 26இல் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். பழைய கசெற்றில் அம்மாவின் குரலைக் கேட்க விரும்புவது வேறு. அம்மா சொல்லாததை அம்மாவின் குரலில் சொல்லவைத்து மாதாமாதம் பணம் வாங்குவது வேறு. அந்த வியாபாரத்தை எங்கள் பிள்ளைகள் தொடவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

உயிரோடிருப்பவரின் குரலுக்கும் அனுமதி வேண்டும், கூலியும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வேலையில் இறங்குங்கள். போன கிழமை நாங்கள் முதல் ஒலிப்பதிவைத் தொடங்கினோம். பெரியம்மாதான் பேசினார். பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார்: "இதை ஆரு கேப்பாங்க? எவ்வளவு காலம் வெச்சிருப்பீங்க? வேணாமெண்டா அழிப்பீங்களா?" மூன்றுக்கும் பதிலைத் தாளில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினோம். இரண்டாவது பதிலை மாற்றி எழுதச் சொன்னார். மாற்றிய பிறகுதான் கையெழுத்து வைத்தார்.