விதைப் பொட்டலம் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

மரபணு மாற்றுப் பயிர் என்று பேச்செடுத்தாலே ‘சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா, ஆகாதா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு அதற்கும் முன்னால் ஒரு கவலை உண்டு. அடுத்த போகத்துக்கான விதை யார் கையில் இருக்கும்? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். மண்ணில் வாழும் ‘பி.டி.’ என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் புகுத்தியதால், காய்ப்புழுவுக்குச் செடியே நஞ்சானது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பி.டி. பருத்திதான். ஆரம்பத்தில் பச்சைக் காய்ப்புழு அடங்கியது, மருந்துச் செலவும் குறைந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுகிற எதிர்ப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விவசாயி பலனைப் பார்த்துத்தான் வாங்கினார்.

வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த மரபணுவைப் பெரும்பாலும் சாதாரண ரகங்களில் வைத்தார்கள். இங்கே, இரண்டு வேறு செடிகளைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டு விதைகளில் வைத்தார்கள். ரகம் என்றால் விளைச்சலிலிருந்தே விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். ஒட்டு விதைக்கு அந்த வீரியம் ஒரு தலைமுறையோடு சரி. எடுத்து வைத்து மறுவருஷம் போட்டால் ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, ஒன்று நன்றாகக் காய்க்கும், ஒன்று பேருக்குக் காய்க்கும். அதனால் வருஷா வருஷம் கடைதான் கதி. முளைக்காத ‘டெர்மினேட்டர்’ விதையை விற்றார்கள் என்று இன்னமும் சில மேடைகளில் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதை சந்தைக்கு வந்ததே இல்லை. ஒட்டு விதை கையில் இருக்கும்போது அது யாருக்கு வேண்டும்?

தொடக்கத்தில் 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. விலையில் பெரும்பங்கு, இந்த மரபணுவைக் கொண்டுவந்த மான்சாண்டோ நிறுவனத்துக்குத் தொழில்நுட்பக் கட்டணமாகப் போனது. ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகு, 2006இல் 750 ரூபாய்க்கு இறங்கியது. 2016 முதல் மத்திய அரசே உச்ச விலையை நிர்ணயிக்கிறது. ஒரே வழக்கில் விலை பாதிக்கும் கீழே போனது என்றால், அதற்கு முந்தைய நான்கு வருஷம் விவசாயி எதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இனி பருத்திக் காயைக் கொஞ்சம் பிளந்து பார்ப்போம். ஒட்டுச் செடிக்கு நஞ்சு மரபணு தாய், தகப்பன் இரண்டில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால், அதன் காயிலுள்ள விதைகளில் சுமார் நாலில் ஒன்றில் நஞ்சு இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் புகுந்து விதையைத் தின்கிற புழு. நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் ஒரே காயில் கலந்து கிடந்தால், புழு தப்பிப் பிழைக்கவும் நஞ்சுக்குப் பழகிக்கொள்ளவும் வழி கிடைக்கிறது. இதைத் தடுக்க, நஞ்சுக்குப் பழகாத புழுக்களும் வாழ்ந்து பழகியவற்றோடு கலக்கட்டும், வயலைச் சுற்றி சாதாரணப் பருத்தி போடுங்கள் என்று பி.டி. அல்லாத விதை 120 கிராமை பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரெண்டு ஏக்கர்க்காரர் புழுவுக்கென்று வரிசை வரிசையாகப் பயிர் வைப்பாரா? பலரும் அதைப் பிரிக்கக்கூட இல்லை. குஜராத்தில் இந்தப் புழு முதல் மரபணுவைத் தாண்டிவிட்டதென்று 2010இல் நிறுவனமே ஒத்துக்கொண்டது. இரண்டு மரபணு வைத்த அடுத்த விதையும் சில ஆண்டுகளில் அதனிடம் தோற்றது. மருந்தடிப்பு திரும்பி வந்துவிட்டது. விதையின் விலை மட்டும் பி.டி.க்கு முந்தைய நிலைக்கு இறங்கவில்லை.

விவசாயியே விதை எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு பி.டி. ரகத்தை அரசு ஆராய்ச்சி நிலையம் கொண்டுவர முயன்றது. பிகானேரி நர்மா என்று பெயர். நிறுவனத்தின் மரபணு அதில் கலந்திருப்பது தெரிந்து, சந்தைக்கு வந்த வேகத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்தக் கதையிலேயே எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். நல்ல வழி ஒன்று இருந்தது, அதை அரசே கோட்டைவிட்டது.

கத்தரிக்காய் கதை வேறு. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு வல்லுநர் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் போன்றவர்கள் இதை ஊர்ப் பேச்சாக்கினார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று கத்தரி நிறுத்திவைக்கப்பட்டது. பக்கத்து வங்கதேசத்தில் 2014 முதல் அதே பி.டி. கத்தரியை விவசாயிகள் பயிரிடுகிறார்கள். அங்கே அது ஒட்டு அல்ல, ரகம். விதையைச் சேமித்துக்கொள்ளலாம். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை.

எல்லா விவசாயிகளும் எதிர்க்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் மகாராஷ்டிராவின் அகோலாவில் ஷேத்கரி சங்கடனா அமைப்பினர், களைக்கொல்லியைத் தாங்கும் அனுமதியில்லாத பருத்தியை ஊரறிய விதைத்தார்கள். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அந்தக் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் கள்ளத்தனமாக வரும் விதைக்குப் பில் கிடையாது. ஏமாந்தால் கேட்க நாதியும் கிடையாது.

மரபணு மாற்றாத பயிரிலும் இதே பிடி உண்டு. அதே 2019இல் குஜராத்தில் பெப்சிகோ நிறுவனம், தான் பதிவு செய்த எஃப்.எல். 2027 என்ற சிப்ஸ் உருளைக்கிழங்கை அனுமதியின்றிப் பயிரிட்டதாக விவசாயிகள் மீது வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் நஷ்டஈடு கேட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் மே மாதமே வழக்கைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் அந்தக் கிழங்கின் பதிவை, பயிர் ரகங்களைப் பதிவு செய்யும் மத்திய ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. பதிவு செல்லுமா என்பதுதான் அங்கே வழக்கு. விவசாயியின் உரிமை சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டத்தின் 39ஆவது பிரிவு அது. பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. நெல் ஜெயராமன் இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்து, மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, 170க்கும் மேற்பட்ட ரகங்களைப் பரப்பினார். அந்தக் கைமாற்று சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

அதே 39ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத இன்னொரு உட்பிரிவும் இருக்கிறது. பதிவு பெற்ற ரகத்தின் விதையை விற்கும்போது, அந்த ரகத்தை உருவாக்கியவர், சொல்லப்பட்ட சூழலில் அது எவ்வளவு விளையும் என்று விவசாயிக்குத் தெரிவிக்க வேண்டும். சொன்னபடி விளையாவிட்டால் ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே விதை வாங்கும்போது அது ஒட்டா, ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்லையும் லேபிளோடு பொட்டலத்தையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். பொட்டலத்தில் ஒரு பிடி விதையையும் மிச்சம் வையுங்கள். தகராறு வந்தால் சோதனைக்கு அனுப்ப அது வேண்டியிருக்கும்.

வணக்கம்.